செட்டில்மென்ட் வாங்கிட்டு வெளியேறவா, வாரம் 4 நாள் வேலைக்குச் சம்மதிக்கவா? (வலைக் கம்பெனி, நாகர்கோவில் பக்கம்)

தேரூர்க்குளம் கேட்டது:

மதினிக்காகக் கேக்கேன். நாகர்கோவில் பக்கம் ஒரு மீன்வலைக் கம்பெனியில மிஷின் செக்‌ஷன். சேர்ந்து 11 வருஷம் 8 மாசம் ஆகுது. பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து மாசம் 15,600 ரூபா, அதுபோக படி 1,200. மொத்தம் 64 பேரு, எல்லாரும் மஸ்டர் ரோல்ல (கம்பெனி வருகைப் பதிவேடு) உள்ளவங்கதான், காண்ட்ராக்ட் இல்ல. வருஷம் முழுக்க ஓடுற கம்பெனி.

போன வாரம் பத்து பேரைக் கூப்பிட்டு ரெண்டு வழி சொல்லியிருக்காவ. ஒண்ணு, எல்லாம் சேர்த்து 2 லட்சம் வாங்கிட்டு வேலையை விட்டு நின்னுக்கலாம். இல்லேன்னா 6 மாசத்துக்கு வாரம் 4 நாள் வேலை, வந்த நாளுக்குச் சம்பளம், பொறவு பாக்கலாம். செஞ்சு வச்ச வலை குடோன்ல தேங்கிக் கெடக்கு, தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் கடலுக்குப் போனா ஆர்டர் வரும்னு ஒரு பேச்சு. சனிக்கிழமைக்குள்ள கையெழுத்து வேணுமாம்.

லீவு 14 நாள் பாக்கி கெடக்கு. இஎஸ்ஐ, பிஎஃப் ரெண்டும் உண்டு. வீட்டுல குழுக் கடன் ஓடுது, அதனால 2 லட்சம்னதும் மனசு அங்கதான் போகுது. எது லாபம்?

நாஞ்சில்கணக்கு எழுதியது:

முதல்ல அந்த 2 லட்சத்தைப் பிரிச்சுப் பார்த்துடுவோம். சேர்த்துச் சொன்னால் பெருசாத் தெரியும்.

11 வருஷம் 8 மாசம் என்றால் கணக்கில் 12 வருஷம். ஆறு மாசத்தைத் தாண்டிய துண்டு முழு வருஷமாக ஏறும்.

ஆட்குறைப்பு இழப்பீடு: வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு மாதத்தில் பாதி, அதாவது 7,800. அதை 12ஆல் பெருக்கினால் 93,600.

நோட்டீஸ் சம்பளம்: ஒரு மாத முன்னறிவிப்பு எழுத்தில் கொடுக்கணும், கொடுக்காவிட்டால் ஒரு மாதச் சம்பளம். 15,600.

கிராஜுவிட்டி (பணிக்கொடை): இங்கே வகுப்பது 30ஆல் அல்ல, 26ஆல். 15,600 × 15 ÷ 26 = 9,000. அதை 12ஆல் பெருக்க 1,08,000.

லீவுச் சம்பளம்: ஒரு நாளைக்கு 600 வீதம் 14 நாளுக்கு 8,400.

கூட்டினால் 2,25,600. ஆக அவர்கள் சொன்ன 2 லட்சமே 25,600 ரூபாய் குறைவு. இந்த வருஷத்து போனஸ் பங்கு இதில் சேரவில்லை, அது தனி. இழப்பீட்டுக்கு 5 லட்சம் வரை வருமான வரி விலக்கு இருப்பதால் டிடிஎஸ் என்று ஏதாவது பிடித்தால் ஏன் என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது வேறு. இந்தத் தொகையில் கிராஜுவிட்டி 1,08,000, லீவுச் சம்பளம் 8,400 இரண்டும் ஏற்கெனவே மதினியுடைய பணம். இன்று வேலையை விட்டாலும் மூன்று வருஷம் கழித்து விட்டாலும் வரவேண்டியது. வேலையை விட்டுக்கொடுப்பதற்கு உண்மையான விலை 93,600 + 15,600 = 1,09,200 மட்டும்தான். 4 நாள் வேலையோடு ஒப்பிட வேண்டியது இந்தத் தொகையை.

4 நாள் வேலை என்றால் 15,600இல் ஆறில் நாலு பங்கு, 10,400. அப்படியானால் 1,09,200 என்பது சுமார் பத்தரை மாதத்து 4 நாள் சம்பளம். கம்பெனி அதற்கு மேல் ஓடும் என்று நம்பிக்கை இருந்தால் வேலையில் நீடிப்பதே லாபம். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கு. ஆறு மாசம் 10,400 வாங்கின பிறகு ஆட்குறைப்பு என்று வந்தால் எதை வைத்துக் கணக்குப் போடுவார்கள்?

மாதச் சம்பளக்காரருக்குச் சராசரி என்பது கடைசி மூன்று முழு மாதம். அந்த மூன்று மாதமும் 10,400 என்று ஏறியிருந்தால் இழப்பீடு 62,400 ஆகிவிடும், 31,200 போச்சு. கிராஜுவிட்டியும் கடைசிச் சம்பள விகிதத்தில்தான். சம்பளமே 10,400 என்று மாற்றி எழுதிவிட்டால் 6,000 × 12 = 72,000, அதில் 36,000 போச்சு. நோட்டீஸ் சம்பளத்தில் 5,200. கூட்டினால் 72,400 ரூபாய். ஆறு மாசத்தில் குறைந்த சம்பளம் 31,200 இதற்கு மேல்.

எல்லாரும் மாதச் சம்பளம் குறைவதைத்தான் பார்ப்பாங்க. பன்னிரண்டு வருஷத்துக் கணக்கும் அதோடு சேர்ந்து இறங்குவது கண்ணில் படாது.

கோட்டாறு_மேற்கு எழுதியது:

கணக்கு சரி. அதோடு இதையும் பாருங்கள்: 10,400 என்பது புதுச் சம்பளமா, இல்லை 15,600 சம்பளத்தில் வேலை கொடுக்காத நாளுக்கான கழிவா? இரண்டும் கையில் ஒரே பணம். சட்டத்தில் வேறு வேறு. தாளில் “திருத்திய மாத ஊதியம் ரூ.10,400” என்று இருந்தால் விகிதமே இறங்கிவிட்டது. “மாத ஊதியம் ரூ.15,600, வாரம் இரண்டு நாள் லே-ஆஃப்” (ஆளை நீக்காமல், வேலை கொடுக்க முடியாத நாளுக்கு மட்டும் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது) என்று இருந்தால் விகிதம் அப்படியே இருக்கும். உடல் ஊனத்துக்குப் பிறகு குறைந்த சம்பளத்தில் வேலை பார்ப்பவருக்குத்தான் பழைய வருஷங்களுக்குப் பழைய சம்பளத்தில் கிராஜுவிட்டி என்று தனிப் பாதுகாப்பு இருக்கு. ஆர்டர் இல்லாமல் குறைத்ததற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எழுதி வாங்குவதுதான் பாதுகாப்பு.

லே-ஆஃப் என்று எழுத வைப்பதில் இன்னொரு லாபம். 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும், சீசன் அல்லாத தொழிற்சாலை, ஒரு வருஷ சர்வீஸ் முடித்தவர் என்றால் லே-ஆஃப் நாளுக்குப் பேசிக் + டி.ஏ.வில் பாதி கொடுக்கணும். இங்கே 64 பேர், ஆகவே பொருந்தும். வாரம் இரண்டு நாள் என்றால் மாதத்துக்கு 5,200இல் பாதி, 2,600. கையில் வருவது 10,400 அல்ல, 13,000. இதைப் பற்றி மேனேஜ்மென்ட் வாயே திறந்திருக்காது.

நிபந்தனை உண்டு. லே-ஆஃப் நாளிலும் வேலை நேரத்துக்குக் கேட்டில் போய் மஸ்டரில் பதியணும். பதியாத நாளுக்கு அந்தப் பாதிப் பணம் இல்லை. வாரத்தில் எந்த இரண்டு நாள் என்று முன்கூட்டியே நிச்சயித்து, பதிவுக்கு வரவேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால் பஸ் காசு மிச்சம். அடுத்து, 12 மாதத்தில் 45 நாள் வரைதான் இது கட்டாயம். வாரம் இரண்டு நாள் என்றால் 23ஆவது வாரத்தில் 45 தீர்ந்துவிடும், ஆறு மாசத்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். 45 நாள் தாண்டி ஆட்குறைப்புச் செய்தால், முந்தைய 12 மாதத்தில் கொடுத்த லே-ஆஃப் பணத்தை இழப்பீட்டில் கழித்துக்கொள்ள நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. 45 நாளுக்கு 300 வீதம் 13,500. கழிக்கமாட்டோம் என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள்.

காரணத்தையும் பார்த்து எழுதச் சொல்லணும். லே-ஆஃபுக்குச் சட்டம் சொல்லும் காரணங்களில் மின்சாரம், மூலப்பொருள் பற்றாக்குறை, சரக்குத் தேக்கம், இயந்திரக் கோளாறு எல்லாம் இருக்கு. “ஆர்டர் இல்லை” என்று மொட்டையாக எழுதினால் பின்னால் தகராறு வரும். குடோனில் வலை கிடக்கிறது என்று அவர்களே சொல்வதால் “சரக்குத் தேக்கம்” என்றே எழுதலாம்.

சனிக்கிழமைக் கெடுவுக்குப் பயப்பட வேண்டாம். வேலை நேரம், சம்பளம் இரண்டையும் தொழிலாளிக்கு நஷ்டமாக மாற்றுவதற்கு முன் நிர்வாகம் மாற்ற அறிவிப்பு கொடுத்து 21 நாள் பொறுக்கணும். பழைய 1947ஆம் வருஷச் சட்டத்தில் 9ஏ என்று சொல்வோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 40ஆவது பிரிவு. ஆட்குறைப்புக்கான பழைய 25எஃப் இப்போது 70. அந்த 15 நாள் கணக்கு அப்படியேதான் இருக்கு. அரசிடம் முன் அனுமதி வாங்கவேண்டிய வரம்பு மட்டும் 100 பேரிலிருந்து 300 பேராகிவிட்டது. 64 பேர் உள்ள இடத்துக்கு அது முன்பும் இல்லை, இப்போதும் இல்லை.

புதிதாக ஒன்று வந்திருக்கு. ஆட்குறைப்பு ஆன ஒவ்வொருவருக்கும் கடைசியாக வாங்கிய 15 நாள் சம்பளத்தை நிர்வாகம் மறுதிறன் நிதிக்கு (வேலை போனவர் வேறு தொழில் கற்பதற்கான நிதி) கட்டணும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வரணும். இது இழப்பீட்டுக்கு மேல்.

பத்து பேரை எப்படிப் பொறுக்கினார்கள் என்றும் கேளுங்கள். அதே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போகணும். மதினிக்குப் பின்னால் சேர்ந்தவர் உள்ளே இருந்தால் அதற்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டியது நிர்வாகம்.

தேரூர்க்குளம் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. கையெழுத்துப் போடச் சொன்ன தாளை மதினி போட்டோ எடுத்துட்டு வந்தாவ. ரெண்டு தாளு. முதல் தாளுல: “எனது சொந்தக் காரணங்களுக்காக இன்று முதல் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். எனக்குச் சேர வேண்டிய அனைத்துத் தொகைகளும் சேர்த்து ரூ.2,00,000 பெற்றுக்கொண்டேன். இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை.” ரெண்டாவது தாளுல: “குறைக்கப்பட்ட வேலை நாட்களுக்கும் அதற்கேற்ற ஊதியத்துக்கும் முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.” பணம் மூணு செக்கா, மாசம் ஒண்ணா குடுப்பாங்களாம்.

கோட்டாறு_மேற்கு எழுதியது:

முதல் தாள் ராஜினாமா. ஆட்குறைப்பு இல்லை. “சொந்தக் காரணம்” என்ற ஒரு சொல்லில் இழப்பீடு 93,600, நோட்டீஸ் 15,600, மறுதிறன் நிதி எல்லாம் கேட்கும் உரிமை போய்விடும். ராஜினாமா செய்தவருக்குக் கட்டாயமாக வருவது கிராஜுவிட்டியும் லீவுச் சம்பளமும் போனஸ் பங்கும்தான். அதற்கு மேல் கொடுப்பதை நிர்வாகம் தன் தயவு என்று சொல்லிக்கொள்ளும். இஎஸ்ஐயில் ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனா என்று வேலையிழப்புப் படி ஒன்று இருக்கு. குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியவருக்கு முதல் ஆண்டு சம்பளத்தில் பாதி வீதம் வரும், அந்தக் காலத்தில் வைத்தியமும் உண்டு. ஆனால் ஆட்குறைப்பு அல்லது ஆலை மூடல் என்று நிர்வாகம் எழுதிக் கொடுக்கணும். தானாக விலகியவருக்குக் கிடையாது.

மூன்று செக் விஷயமும் ஆகாது. இழப்பீடு ஆட்குறைப்பு நடக்கும் நேரத்திலேயே கொடுக்கப்பட்டிருக்கணும், அது முன்நிபந்தனை. பின்தேதி செக் கொடுத்து விலக்கினால் அந்த ஆட்குறைப்பே செல்லாது என்று வழக்குப் போட இடமிருக்கு. சம்பளப் பாக்கி, லீவுச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள். கிராஜுவிட்டி 30 நாளுக்குள். வங்கிக் கணக்கில் முழுப் பணமும் ஏறின பிறகு “ஆட்குறைப்பு இழப்பீடு பெற்றேன்” என்று இனம் இனமாகத் தொகை எழுதிய ரசீதில் கையெழுத்து. “இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை” என்ற வரியை அடித்துவிட்டுப் போடுங்கள். அடிக்க விடவில்லை என்றால் கையெழுத்துக்கு மேலே “கணக்கு சரிபார்ப்புக்கு உட்பட்டு” என்று தன் கையாலேயே எழுதணும்.

இரண்டாவது தாளில் “முழு மனதுடன்”தான் சிக்கல். அது இருந்தால் லே-ஆஃப் இல்லை, இரு தரப்பும் பேசிச் செய்த புதுச் சம்பளம் என்று ஆகிவிடும்.

மணக்குடிக்காயல் எழுதியது:

பத்து பேரில் சிலருக்கு நாளைக் குறைக்காமல் தினம் 5 மணி நேரம் என்று சொன்னால் அதுக்கு வேறு விதி. குறைந்தபட்சக் கூலி நாள் கணக்கில் நிர்ணயித்த இடத்தில், வந்த தொழிலாளியை நிர்வாகமே பாதியில் அனுப்பினால் முழு நாள் கூலி கொடுக்கணும். வேலை செய்ய மனமில்லாமல் தொழிலாளியாக நின்றால்தான் கழிக்கலாம். அதனால்தான் கம்பெனிகள் மணியைக் குறைக்காமல் நாளைக் குறைக்கிறார்கள்.

எத்தனை நாள் என்பதிலும் சூட்சுமம் இருக்கு. இஎஸ்ஐயில் நோய்க்காலப் படி கிடைக்க ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சம்பளம் ஏறியிருக்கணும். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. 26 வாரத்துக்கு வாரம் 4 நாள் என்றால் 104, பயமில்லை. நாளைக்கு 3 நாளாக்குகிறோம் என்று வந்தால் மிகச் சரியாக 78. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குச் சம்பளமில்லாத லீவு ஒன்று எடுத்தாலே 77, அடுத்த சலுகைக் காலம் முழுக்க நோய்க்காலப் படி இல்லை. மூன்று நாளுக்கு எந்தக் காரணத்துக்கும் சம்மதிக்காதீங்க.

அடுத்தது 240 நாள். ஒரு வருஷத் தொடர் பணி என்பதற்கு அளவு 12 மாதத்தில் 240. இப்போது சொல்கிற ஆறு மாசத்தோடு நின்றால் 26 வாரம் ஆறு நாள், 26 வாரம் நாலு நாள் சேர்த்து 260, தப்பிவிடும். “பொறவு பாக்கலாம்” என்பது இன்னொரு ஆறு மாசமானால் 52 × 4 = 208. தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறை 9 நாளைச் சேர்த்தாலும் 217. லீவு 14 நாளையும் போட்டால் 231. அப்போ அந்தக் கடைசி வருஷம் தொடர் பணியே இல்லை, இழப்பீடே கிடையாது என்று ஒரு வக்கீல் நிற்பார். தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றுபோனால் அது தொடர்ச்சியை முறிக்காது என்று நம்ம பக்கம் பதில் இருக்கு. ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல திருநெல்வேலி கோர்ட்டுக்கு எத்தனை தடவை பஸ் ஏறணும்? ஒப்பந்தப்படியோ சட்டப்படியோ விட்ட லே-ஆஃப் நாளெல்லாம் வேலை செய்த நாளாகவே எண்ணப்படும் என்று சட்டத்திலேயே இருக்கு. கோட்டாறு அண்ணாச்சி லே-ஆஃப், லே-ஆஃப் என்று அடித்துச் சொல்வது இதுக்கும் சேர்த்துத்தான்.

கிராஜுவிட்டிக்கு மட்டும் சின்ன சலுகை: கம்பெனியே வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக ஓடினால் 240க்குப் பதில் 190 போதும். பத்து பேருக்கு மட்டும் நாலு நாள், மீதிப் பேருக்கு ஆறு நாள் என்றால் இந்தச் சலுகை வராது.

பிஎஃப் பென்ஷனைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கடைசி 60 மாதச் சராசரியில் ஆறு மாசம் குறைந்த சம்பளம் சேர்வதால் பென்ஷன் மாதம் நூறு ரூபாய்க்குள்தான் இறங்கும். 10 வருஷம் தாண்டிவிட்டதால் பென்ஷன் பங்கை மொத்தமாக எடுக்கவும் முடியாது, 58 வயதில் பென்ஷனாக வரும்.

குளச்சல்_காத்து எழுதியது:

எல்லாரும் வேலையில நில்லு நில்லுன்னு சொல்லுதிய. கம்பெனி நெலைக்குமான்னு பாத்தியளா? எழுதி வாங்கின ஒப்பந்தம் மூடின கேட்டுல செல்லாது.

உமங் ஆப்பில யுஏஎன் (பிஎஃப் நம்பர்) போட்டு பிஎஃப் பாஸ்புக்கைத் தொறங்க. ஒரு மாசத்துப் பணம் அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டணும். ரெண்டு, மூணு மாசம் ஏறாம கெடந்தா, சம்பளத்துல பிடிச்ச பணத்தையே எடுத்துச் செலவழிக்காங்கன்னு அர்த்தம். அந்தக் கம்பெனி ஆறு மாசம் கழிச்சு 93,600 தருமா? அந்த நெலமையில கெடைக்க காச, ஆட்குறைப்புன்னு எழுதி வாங்கி, வெளிய வாறதுதான் புத்தி. கரண்டு பில்லு பாக்கியா, நூல் லோடு வருதா, பழைய மிஷின வித்துட்டாங்களா, இதெல்லாம் உள்ள வேல பாக்கவங்களுக்குத் தெரியும். லோடு வந்து எறங்குதுன்னா வேலையில நிக்கலாம். மிஷினக் கழத்துனா நிக்கப்புடாது.

மேக்குக் கடல்ல தடை ஜூன் 1லருந்து ஜூலை 31 வர. வல வாங்குறவன் தடையிலயே வலைய மாத்தி வச்சுட்டுத்தான் ஆகஸ்டுல எறங்குவான். தடை முடிஞ்ச பொறவு ஆர்டர் வரும்னு சொல்லுதது எனக்குச் சரியாப் படல. வாற ஆர்டர் அதுக்கு முன்னாலயே வந்துருக்கணும்.

தேரூர்க்குளம் எழுதியது:

பாஸ்புக் பாத்தோம். போன மாசம் வரைக்கும் ஒழுங்கா ஏறியிருக்கு. நூல் லோடும் வருதுன்னு சொல்லுதாவ, ரெண்டு மிஷின் மட்டும் நிப்பாட்டி இருக்கு. வேலையிலயே நிக்கலாம்னு மதினிக்கு எண்ணம். எப்படி எழுதிக் கேக்கணும்?

நாஞ்சில்கணக்கு எழுதியது:

குளச்சல்காரர் சொன்னதை ஒத்துக்கிறேன், பிஎஃப் ஏறலை என்றால் என் பதிலும் அதுதான். ஏறியிருப்பதால் வேலையில் நீடிக்கலாம். தனியாகப் போகாமல் பத்து பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

வாசகத்தை இப்படி வைக்கலாம்:

“சரக்குத் தேக்கம் காரணமாக நிர்வாகம் …… தேதி முதல் 26 வாரங்களுக்கு வாரம் இரண்டு நாள் (…… கிழமை, …… கிழமை) எங்களுக்கு லே-ஆஃப் அளிக்க உத்தேசித்துள்ளது. எங்கள் மாத ஊதியம் (அடிப்படை ஊதியம், அகவிலைப்படி) மாறாது. லே-ஆஃப் நாட்களுக்கு 50 விழுக்காடு இழப்பீடு வழங்கப்படும். மேற்படி நாட்களில் வருகைப் பதிவு தேவையில்லை. லே-ஆஃப் நாட்கள் தொடர் பணியாகக் கணக்கிடப்படும். இக்காலத்திலோ இது முடிந்து 12 மாதங்களுக்குள்ளோ ஆட்குறைப்பு, மூடல், ராஜினாமா, ஓய்வு எது நேர்ந்தாலும் இழப்பீடும் பணிக்கொடையும் தற்போதைய முழு மாத ஊதியத்தின்படியே கணக்கிடப்படும். லே-ஆஃப் இழப்பீடு எத்தொகையிலும் கழிக்கப்படாது. 26 வாரம் முடிந்த மறுநாள் முதல் வாரம் ஆறு நாள் வேலை தானாகத் திரும்பும்.”

ஒவ்வொருவரின் முழு ஊதியத்தையும் பெயருக்கு நேரே ரூபாயில் எழுதி இணையுங்கள். மதினிக்கு 15,600. படி 1,200 நிற்குமா, வேலை நாளுக்கு மட்டுமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள், பின்னால் அதில்தான் சில்லறைச் சண்டை வரும்.

அவர்கள் 50 விழுக்காட்டுக்கு முகம் சுளித்தால், கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, ஆறு மாசத்தில் 13,500 தான். முழு ஊதியத்தின்படி கணக்கு என்கிற வரியை மட்டும் விடாதீங்க. அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு 72,400 ரூபாய்.

கோட்டாறு_மேற்கு எழுதியது:

வாசகம் நல்லா இருக்கு. நிர்வாகம் கையெழுத்துப் போட மறுத்தால் அதே தாளை ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, நகலை நாகர்கோவிலில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து, அவர்கள் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சமரச அதிகாரி முன்னால் ஒப்பந்தம் ஆனால் இன்னும் பலம். வக்கீல் தேவைப்பட்டால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

கருங்கல்_வாரச்சந்தை எழுதியது:

இடையில் கேட்கிறதுக்கு மன்னிக்கணும். எங்க பக்கம் அண்டியாபீஸில் (முந்திரி ஆலை) இதே பேச்சுதான். ஆப்பிரிக்கத் தோட்டண்டி (உடைக்காத முந்திரிக்கொட்டை) வரவில்லை என்று மாசம் 10 நாள்தான் வேலை. கிலோக் கணக்குக் கூலி, வாரச் சம்பளம். இந்த மாதச் சம்பளக் கணக்கு எங்களுக்கு எப்படி வரும்?

கோட்டாறு_மேற்கு எழுதியது:

கிலோக் கூலிக்கு ஆபத்து இன்னும் கூடுதல் அக்கா. கிராஜுவிட்டிக்கு வேலை முடியும் நாளுக்கு முந்தைய மூன்று மாதத்து மொத்தக் கூலியின் சராசரி, ஓவர்டைம் நீங்கலாக. நல்லா வேலை ஓடும்போது மாதம் 9,000 எடுத்தவர், 20 வருஷ சர்வீஸ் என்றால் 1,03,846 வரும். மூன்று மாதம் பாதி வேலையில் 4,500 எடுத்துவிட்டு வேலையை விட்டால் அது 51,923. அதனால் வேலையை விடுவதென்று முடிவானால் வேலை ஒழுங்காக ஓடிய மூன்று மாதத்தின் முடிவில் விடுங்கள், கூலிச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு வாரச் சம்பளக்காரருக்குக் கடைசி நாலு முழு வாரத்தின் சராசரி.

“அண்டியாபீஸ் சீசன் தொழில், லே-ஆஃப் பணம் கிடையாது, கிராஜுவிட்டி சீசனுக்கு 7 நாள்தான்” என்று சொல்லுவாங்க. நிர்வாகம் சொன்னதாலே சீசன் ஆகிவிடாது. லே-ஆஃப் விஷயத்தில் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் அதிகாரம் அரசுக்குத்தான். எந்தெந்த மாதம் வேலை நடந்தது என்பதற்கு இஎஸ்ஐ சந்தா விவரமே சாட்சி. பன்னிரண்டு மாதமும் சந்தா ஏறியிருந்தால் சீசன் என்று நிற்பது கஷ்டம்.

ஒரே முதலாளிக்கு 8 கிலோமீட்டருக்குள் வேறு ஆபீஸ் இருந்து, அங்கே அதே கூலியில் தெரிந்த வேலைக்கு வரச் சொன்னால் போய்விடுங்கள். மறுத்தால் லே-ஆஃப் பணம் கேட்க முடியாது.

மணக்குடிக்காயல் எழுதியது:

தேரூர்க்காரருக்கு ஒன்று விட்டுப்போச்சு. 11 வருஷம் 8 மாசம் என்பது எந்தத் தேதியிலிருந்து? வேலைக்குச் சேர்ந்த நாளா, பிஎஃபில் பெயர் ஏறின நாளா? ட்ரெயினிங் என்று சொல்லி முதல் சில மாதம் பெயர் ஏற்றாமல் வைப்பது சகஜம். பிஎஃப் தேதியிலிருந்து எண்ணி 11 வருஷம் 5 மாசம் என்று வந்தால் இழப்பீட்டுக்கும் கிராஜுவிட்டிக்கும் 12 அல்ல, 11. வித்தியாசம் 7,800 + 9,000 = 16,800 ரூபாய். இஎஸ்ஐ கார்டில் இருக்கும் பதிவுத் தேதி, முதல் சம்பளச் சீட்டு, பேங்கில் முதல் சம்பளம் ஏறின பக்கம், எது பழையதோ அதைத் தேடி எடுங்கள். அந்தத் தேதியையும் இப்போது எழுதும் தாளிலேயே ஒவ்வொருவர் பெயருக்கு நேரே போட்டுவிடணும்.

தேரூர்க்குளம் எழுதியது:

நல்லவேளை கேட்டிய. பிஎஃப் தேதி 11 வருஷம் 4 மாசம்தான் காட்டுது. பழைய பேங்க் பாஸ்புக் மதினி அம்மா வீட்டுல தோவாளையில இருக்காம், நாளைக்குக் காலையில போய் எடுத்துட்டு வாறேன்.